நான்கு நாள் தேறி ஐந்தாம் நாள் விழுந்த வாஷ்: மொலாசஸ் எத்தனால் ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சர்க்கரை ஆலையோடு இணைந்த ஒரு எத்தனால் ஆலையில் 2025 கோடையில் ஐந்து வாரம் நீடித்த விளைச்சல் வீழ்ச்சியின் பதிவு இது. தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் உள்ள ஆலை. அங்கே லேப் கெமிஸ்டாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் ஆலையின் பெயரும் தேவையில்லை. இதே அமைப்பில் இயங்கும் எந்த ஆலையிலும் நடக்கக்கூடியது என்பதால்தான் எழுதுகிறேன். நாட்கணக்கு, வீழ்ச்சியை முதலில் குறித்த நாளை 1 என்று வைத்து, ஏப்ரல் நடுவிலிருந்து தொடங்குகிறது.

பின்னணி

ஆலையின் திறன் நாளொன்றுக்கு 45,000 லிட்டர். மூலப்பொருள் சி-ஹெவி மொலாசஸ், அதாவது சர்க்கரையை முடிந்தவரை எடுத்த பிறகு மிஞ்சும் கடைசிப் பாகு. இதைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் கிடைப்பது வாஷ். வாஷைக் காய்ச்சி வடித்து, மாலிக்யூலர் சீவ் வழியாக மிச்ச நீரையும் எடுத்துவிட்டால் பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 2003-ல் 5 சதவீதக் கலப்பு என்று தொடங்கிய திட்டம் 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2025-ல் 20 சதவீதம். எண்ணெய் நிறுவனங்களுக்குத் தேதி வாரியாக எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டு. அளவு குறைந்தால் அபராதம்.

எங்களிடம் நான்கு ஃபெர்மென்டர்கள், அதாவது நொதிக்கவிடும் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் 2,50,000 லிட்டர் வாஷ் கொள்ளும். நாளுக்கு இரண்டு பேட்ச் முடியும். ஒரு ஃபெர்மென்டரின் சுற்று, நிரப்புவது முதல் கழுவி முடிப்பதுவரை, இரண்டு நாள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டை உண்டாக்கும் என்பதால் வாஷை இதன் வழியே சுற்றவிட்டுக் குளிர்விக்கிறோம்.

கணக்கு எளிது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நொதிக்கக்கூடிய சர்க்கரை 100 கிலோவுக்கு ஏட்டளவில் 64 லிட்டருக்குச் சற்று மேல். ஈஸ்ட் தன் உடலை வளர்க்கவும் கிளிசரால் செய்யவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் முழு அளவு யாருக்கும் கிடைக்காது. எங்களுக்கு நல்ல நாளில் நொதிப்புத் திறன் 89 சதவீதம். வாஷில் ஆல்கஹால் 9.0 சதவீதம், ஒரு டன் மொலாசஸுக்கு 225 லிட்டர்.

இரண்டு நடைமுறைகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் அவை முக்கியமாகின்றன. ஒன்று, ஒவ்வொரு பேட்சுக்கும் புதிதாக ஈஸ்ட் வளர்க்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ஃபெர்மென்டரிலிருந்து ஒரு பங்கு வாஷை எடுத்து பிரீ-ஃபெர்மென்டரில் விட்டு, அதையே அடுத்த பேட்சுக்கு விதையாக்குவது. நேரமும் ஈஸ்ட் செலவும் மிச்சம். குழாய் தூரம் குறைவு என்பதால் அந்தப் பங்கு பெரும்பாலும் 3-ம் ஃபெர்மென்டரிலிருந்து வந்தது. இரண்டாவது, வடித்த பிறகு மிஞ்சும் ஸ்பென்ட் வாஷில் ஒரு பகுதியை மொலாசஸ் கரைக்கத் திருப்பி எடுப்பது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பது விதி. ஸ்பென்ட் வாஷைத் திருப்பி எடுத்தால் கழிவும் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். வழக்கமாக 20 சதவீதம். அந்தக் கோடையில் போர்வெல் நீர் இறங்கியதால் 35 சதவீதம்வரை போயிருந்தது.

நாள் 1 முதல் 10 வரை: சூட்டின் மேல் பழி

முதல் நாள் ஆல்கஹால் 8.9. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் 8.8, ஐந்தாம் நாள் 8.6. காலை அறிக்கையில் நான்கு ஃபெர்மென்டர்களுக்கும் சேர்த்து ஒரே சராசரி எண்தான் போகும். இந்த எண்களும் அந்தச் சராசரிகளே.

ஆறாம் நாள் கூட்டத்தில் உற்பத்தி மேலாளர் வெப்பநிலைப் பதிவை எடுத்து வைத்தார். வாஷ் 36 டிகிரியைத் தாண்டியிருந்தது. எங்கள் ஈஸ்டுக்கு 32 நல்லது, 34 பரவாயில்லை, 36-ல் திணறும். எக்ஸ்சேஞ்சர்களுக்குக் குளிர்ந்த நீர் தரும் கூலிங் டவரின் தண்ணீரே 32 டிகிரியில் வந்துகொண்டிருந்தது. வெளியே அடிக்கிற வெயிலில் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. காரணம் கண்ணுக்கு முன்னால் தெரிந்ததால் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டோம். நானும்தான்.

எடுத்த முடிவு: நான்கு எக்ஸ்சேஞ்சர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிளேட்டுகளில் படிந்த ஸ்லட்ஜை (கசடை) நீக்குவது, கூலிங் டவரின் அடைத்த நாசில்களைச் சுத்தம் செய்வது. மூன்று நாளில் முடிந்தது. வெப்பநிலை 34.5-க்கு இறங்கியது. ஆல்கஹால் 8.6-லேயே நின்றது.

சூடு ஒரு காரணம் என்பதில் இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அது ஒன்றே காரணமாக இருந்திருந்தால் ஒன்றரை டிகிரி இறங்கியதற்கு ஏதாவது அசைவு தெரிந்திருக்க வேண்டும். அசைவில்லை என்பதைப் பத்தாம் நாளில் நான் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று சொன்னேன்.

நாள் 11 முதல் 17 வரை: மைக்ராஸ்கோப்பில் குச்சிகள்

பதினொன்றாம் நாள் காலையில் மெத்திலீன் ப்ளூ சோதனை செய்தேன். உயிருள்ள ஈஸ்ட் செல் நிறமேறாமல் இருக்கும், செத்தது நீலமாகும். வழக்கமாக நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிரோடு இருக்கும். அன்று 74. அதைவிடக் கவலை தந்தது ஈஸ்டுகளுக்கு நடுவே கிடந்தவை. ஈஸ்ட் முட்டை வடிவில், புலத்தில் பெரிதாகத் தெரியும். அவற்றின் இடுக்குகளில் மெல்லிய குச்சிகள், இரண்டு மூன்று ஒட்டிச் சங்கிலியாகவும் இருந்தன. லாக்டிக் அமில பாக்டீரியா.

இந்தக் காட்சி புதிதல்ல. 1856-ல் பிரான்சின் லீல் நகரில் சர்க்கரை பீட்டிலிருந்து ஆல்கஹால் எடுத்த ஒரு தொழிலதிபர், சில தொட்டிகள் புளித்துக் கெட்டுப்போகின்றன என்று லூயி பாஸ்டரிடம் போய் நின்றார். நல்ல தொட்டியில் உருண்டை ஈஸ்டுகளையும் கெட்ட தொட்டியில் அவற்றைவிடச் சிறிய குச்சி போன்றவற்றையும் பாஸ்டர் பார்த்தார். அடுத்த ஆண்டு லாக்டிக் நொதிப்பு பற்றிய கட்டுரை வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஆல்கஹால் தொட்டிக்குப் பகை அதே குச்சிதான்.

அது செய்யும் கெடுதல் இரண்டு வகை. ஈஸ்டுக்குப் போக வேண்டிய சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆக்குகிறது. அந்த அமிலம் பிறகு ஈஸ்டின் செல்லுக்குள் புகுந்து அதைச் சோர்வடையச் செய்கிறது. ஈஸ்ட் தன் சக்தியை அமிலத்தை வெளியே தள்ளுவதில் செலவழிக்கும். நொதித்து முடிந்த வாஷின் பிஎச் (இந்த எண் குறைந்தால் அமிலம் கூடியது என்று பொருள்) எங்களுக்கு 4.5 இருக்கும், அன்று 4.1.

எடுத்த முடிவு: நுண்ணுயிர்க்கொல்லியின் அளவை இரட்டிப்பாக்குவது. உலகெங்கும் ஆல்கஹால் ஆலைகளில் இது வழக்கம்தான். நாங்களும் குறைந்த அளவில் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். இரண்டு காரணங்களுக்காக இதைத் தேர்ந்தோம். உற்பத்தியை நிறுத்த வேண்டியதில்லை. பலன் ஒரே நாளில் தெரியும்.

தெரியவும் செய்தது. 8.6-லிருந்து 8.8. நான்கு நாள் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் 8.5, அதற்கடுத்து 8.3. அந்த வாரத்தில் ஸ்பென்ட் வாஷ் போகும் பயோகேஸ் டைஜெஸ்டரில் வாயு அளவும் சரிந்தது. கூடுதல் மருந்து அங்கேயும் போய்ச் சேரும் என்பதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எண்ணி அளவைக் குறைத்தோம்.

நாள் 18 முதல் 27 வரை: புது ஈஸ்ட்

அடுத்த முடிவு, விதையை முழுவதும் மாற்றுவது. பிரீ-ஃபெர்மென்டரைக் காலி செய்து, வழக்கத்தைவிட நீண்ட நேரம் சூடான காஸ்டிக்கால் (காஸ்டிக் சோடாக் கரைசலால்) கழுவி, புதிதாகத் தருவித்த உலர் ஈஸ்டிலிருந்து வளர்த்தோம். ஆல்கஹால் 8.9-க்கு ஏறியது. ஷிப்டில் இருந்தவர்கள் முகத்தில் அன்றைக்குத்தான் தெளிவு வந்தது. இருபத்துமூன்றாம் நாள் மறுபடி இறங்கத் தொடங்கியது. இருபத்தேழாம் நாள் 8.1.

8.1 என்றால் என்ன என்று கணக்குப் போட்டேன். நொதிப்புத் திறன் 80 சதவீதம். டன்னுக்கு 225 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 203. நாளுக்கு 196 டன் மொலாசஸ் ஓடுகிறது. ஆக 4,300 லிட்டருக்குமேல் இழப்பு. 2024-25 ஆண்டுக்கு சி-ஹெவி எத்தனாலுக்கு மத்திய அரசு வைத்த விலை லிட்டர் 57.97 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டரை லட்சம். அந்த 196 டன் மொலாசஸ் ஏறத்தாழ 4,300 டன் கரும்பிலிருந்து வந்தது. வெட்டி, கட்டி, வண்டியேற்றி, கேட்டில் இரவெல்லாம் காத்திருந்து இறக்கிய கரும்பு. அதன் சர்க்கரையை ஒரு பாக்டீரியா தின்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாள் 27: லாக் புக்கைத் திருப்பிப் படித்தது

கூட்டத்தில் அடுத்த சந்தேகம் மொலாசஸ் மேல் விழுந்தது. இரண்டாம் டேங்க் பாகு பழசு, அதில் அமிலம் கூடியிருக்கும், வேறு டேங்குக்கு மாறலாம் என்றார்கள். நான் சோதித்தவரை அதன் அமில அளவு ஏற்கத்தக்க வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் என்னை உறுத்தியது வேறு. மருந்து நான்கு நாள் வேலை செய்தது. புது ஈஸ்ட் ஐந்து நாள் வேலை செய்தது. இரண்டும் வேறு வேறு வைத்தியம். தேறியதும் விழுந்ததும் ஒரே மாதிரி. மொலாசஸ் கெட்டிருந்தால் புது ஈஸ்ட் முதல் நாளே அடி வாங்கியிருக்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா என்றால் மருந்து ஒரு நாள்கூட வேலை செய்திருக்காது. நான்கைந்து நாள் என்பது எங்கள் ஃபெர்மென்டருக்கு இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கிருந்தோ கலந்து, விதை வழியாகப் பெருகி, இரண்டாம் சுற்று முடியும்போது ஈஸ்டை மிஞ்சுகிறது. ஆலைக்குள்ளேயே அது எங்கோ தங்கியிருக்கிறது.

அன்று இரவு லேபில் உட்கார்ந்து லாக் புக்கை எடுத்து, சராசரியைக் கிழித்துப் போட்டதுபோல, ஃபெர்மென்டர் வாரியாக நான்கு பத்திகளில் எண்களை மறுபடி எழுதினேன். பெரிய வேலை ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வீழ்ச்சியிலும் முதலில் இறங்கியவை 3-ம் 4-ம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் 1-ம் 2-ம் இறங்கியிருந்தன. முதல் நாள் சராசரி 8.9 என்று போனபோதே 3-ம் ஃபெர்மென்டர் 8.7-ல் இருந்தது. அந்த எண்ணை என் கையாலேயே எழுதியிருந்தேன்.

நாள் 28 முதல் 31 வரை: ஒரே விதை, இரண்டு தொட்டி

மேலாளரிடம் போய், டேங்க் மாற்றுவதைத் தள்ளிவைத்து ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டேன். புது ஈஸ்டில் வளர்த்த ஒரே விதையைப் பாதி பாதியாகப் பிரித்து, 1-லும் 3-லும் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டும். அதே மொலாசஸ், அதே தண்ணீர், மருந்து இல்லாமல். இதற்கு ஒரு பேட்ச் உற்பத்தியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவர் உடனே சரி சொல்லவில்லை. அந்த வார அனுப்புகை ஏற்கெனவே பின்தங்கியிருந்தது. நான்கு பத்தி எழுதிய தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு பேட்ச்தான். அதுக்குள்ள சொல்லணும்" என்றார்.

மாதிரி எடுத்த இடங்கள் ஐந்து: கரைத்த மொலாசஸ் வெளிவரும் குழாய், பிரீ-ஃபெர்மென்டர், இரண்டு ஃபெர்மென்டர்கள் (நிரப்பத் தொடங்கிய இரண்டாம் மணி நேரத்தில்), எக்ஸ்சேஞ்சரின் வெளிவாய். லாக்டிக் பாக்டீரியாவை வளர்த்து எண்ண உதவும் எம்.ஆர்.எஸ். அகார் தட்டில், ஈஸ்ட் முளைக்காமல் தடுக்கும் மருந்து சேர்த்துப் பரப்பினோம். 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் காத்திருப்பதுதான் கஷ்டம், அந்த இரண்டு நாளில் குறைந்தது பத்துப் பேர் வந்து "முளைச்சுதா சார்?" என்று கேட்டிருப்பார்கள்.

கரைத்த மொலாசஸில் மில்லிக்குச் சில நூறு. பிரீ-ஃபெர்மென்டரில் சில ஆயிரம். 1-ம் ஃபெர்மென்டரில் பத்தாயிரத்தை ஒட்டி. 3-ல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது, எண்ணவே முடியாமல் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டி முளைத்திருந்தது. ஒரே விதை போட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு பெருக முடியாது. உள்ளே காத்திருந்தது வந்து கலந்திருக்கிறது.

நாள் 32: பதினைந்து லிட்டர்

3-க்கும் 4-க்கும் பொதுவாக என்ன இருக்கிறது? வரைபடத்தின்படி ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்சர் தனி, பம்ப் தனி, கழுவும் லைன் தனி. ஃபெர்மென்டருக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம்; காலியான தொட்டியின் அடியில் குளம்போல் தேங்கி நிற்கும், இறங்குபவர் மூச்சு முட்டி விழுவார். இரவு முழுக்க ப்ளோயர் ஓடி, மீட்டரில் அளந்து, பர்மிட் எழுதி, மேலே ஆள் நிற்காமல் யாரும் இறங்கக்கூடாது. அதற்கு ஒரு நாள் ஆகும். அதற்கு முன் வெளியே இருப்பதை முழுதாகப் பார்ப்போம் என்று ஷிப்ட் ஆபரேட்டரையும் ஃபிட்டரையும் அழைத்துக்கொண்டு குழாய் குழாயாக நடந்தோம்.

எக்ஸ்சேஞ்சர்களுக்குப் பின்னால், சுவரோரம், இரண்டு லைனையும் இணைத்து ஒரு 80 மில்லிமீட்டர் குழாய் ஓடியது. மூன்று மீட்டர் நீளம், நடுவில் ஒரு வால்வ், மூடியிருந்தது. வரைபடத்தில் அது இல்லை.

"இது எப்பண்ணே வந்தது?" என்று ஃபிட்டரிடம் கேட்டேன்.

"போன கோடைல சார். நாலாம் நம்பர் எக்ஸ்சேஞ்சர் அடைச்சுக்கிட்டப்போ மூணாம் நம்பர்ல இருந்து சுத்த விட்டோமே, அதுக்குப் போட்டது. அப்புறம் வால்வ மூடிட்டோம்."

வால்வை மூடியதும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வால்வின் இருபுறமும் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வாஷ் நுழைந்து, போக வழியில்லாமல் தேங்கி நின்றது. பேட்ச் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் வெளியே வந்து கலக்கும், கொஞ்சம் உள்ளே போகும். காஸ்டிக் அந்தப் பக்கமே வராது. கழுவும் வழியை வகுத்தபோது இந்தக் குழாயே இல்லை. தினமும் மாறாத 34, 35 டிகிரிச் சூடு. ஈஸ்டுக்குச் சற்று அதிகம், அந்தக் குச்சிகளுக்கு இதம்.

இரண்டு ஃபெர்மென்டரையும் தனிமைப்படுத்திவிட்டு, ஃபிட்டர் ஃபிளாஞ்சை (குழாயின் போல்ட் இணைப்பை) அவிழ்த்தார். முதல் போல்ட் தளர்ந்ததும் வாடை வந்தது. வாஷின் வாடை எங்களுக்குப் பழக்கம்; வெல்லமும் ஈஸ்டும் கலந்த வாடை. இது ஊறவைத்து மறந்துபோன நீராகாரத்தின் புளிப்பு, கண்ணில் எரிச்சல். கேஸ்கட்டின் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம், விரலால் வழித்தால் நூல்போல் இழுத்தது. அதன் பின்னால் கெட்டியான கஞ்சிபோல ஸ்லட்ஜ். பக்கெட்டில் பிடித்தோம். இருபுறமும் சேர்த்துப் பதினைந்து லிட்டருக்குள்தான் இருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் 2,50,000 லிட்டரைக் கெடுத்திருக்கிறது.

பக்கெட்டைப் பார்த்தபடி ஃபிட்டர் சொன்னார்: "எங்கப்பா பதநீர் இறக்கினவர் சார். கலயத்துல சுண்ணாம்பு படாம ஒரு விரக்கடை விட்டுப்போனாலும் அன்னிக்குப் பதநீர் புளிச்சிரும்னு சொல்வார். இது அது மாதிரிதான் இருக்கு." சுண்ணாம்பு பனஞ்சாற்றின் காரத்தன்மையை உயர்த்தி நுண்ணுயிரை அடக்குகிறது, எங்களுக்கு அந்த வேலையைச் செய்வது சூடான காஸ்டிக். இரண்டிலும், படாமல் விட்ட இடத்தில்தான் புளிப்பு பிடிக்கிறது.

நாள் 33 முதல் 36 வரை: செய்தவை

குழாயையும் வால்வையும் அறுத்து எடுத்து, இரண்டு முனையையும் லைனோடு ஒட்டி மூடினோம். நான்கு ஃபெர்மென்டர்களையும் வரிசையாகக் காலி செய்து, 80 டிகிரியில் காஸ்டிக்கால் கழுவினோம். இந்த முறை திரும்பி வரும் குழாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். கழுவும் பட்டியலில் அதுவரை இருந்தது "சி.ஐ.பி. முடிந்ததா" (கருவிகளைக் கழற்றாமலே உள்ளே கழுவுவது முடிந்ததா) என்ற ஒரு கட்டம் மட்டும், ஓராண்டாக அதில் தினமும் டிக் போட்டுக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். திரும்பி வந்த காஸ்டிக் முதலில் 58 டிகிரிதான் இருந்தது. அனுப்பும் சூடு போகும் வழியிலேயே குறைகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. கழுவும் நேரத்தைக் கூட்டி, திரும்பும் சூடு 75-ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணத் தொடங்கினோம்.

ஓடும் ஃபெர்மென்டரிலிருந்து விதை எடுப்பதை நிறுத்தினோம். ஸ்பென்ட் வாஷை 20 சதவீதத்துக்கு மேல் எடுப்பதையும் நிறுத்தினோம். இதில் வாக்குவாதம் நடந்தது. ஸ்பென்ட் வாஷ் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் கொதித்து வருவது, அதில் பாக்டீரியா ஏது என்று கேட்டார்கள். பாக்டீரியா இருக்காது என்பது உண்மை. அது உண்டாக்கிய அமிலம் இருக்கும். அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் ஆல்கஹாலோடு மேலே போகாமல் பெரும்பாலும் அடியிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் அடுத்த பேட்சைக் கரைத்தால் நோயாளிக்குப் பழைய நோயின் நஞ்சையே கஞ்சியில் கலந்து கொடுப்பதுபோல் ஆகும். தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு கண்டென்சேட்டை (ஆவி குளிர்ந்து கிடைக்கும் நீரை) சுத்திகரித்துப் பயன்படுத்த ஏற்பாடாயிற்று.

பின் நடந்தது

முதல் சுற்றில் 8.9. இந்த எண்ணை நான் நம்பவில்லை. முன்பும் இப்படித்தான் ஏறியது. நாங்கள் காத்திருந்தது ஐந்தாம் நாளுக்காக. ஐந்தாம் நாள் 8.9, ஏழாம் நாள் 8.8, பத்தாம் நாள் 8.9. நான்கு ஃபெர்மென்டரும் தனித்தனியாக. நுண்ணுயிர்க்கொல்லியைப் படிப்படியாகப் பழைய அளவில் பாதிக்குக் கொண்டுவந்தோம், இறங்கவில்லை. பயோகேஸும் மெல்ல மீண்டது.

9.0 உடனே வரவில்லை. ஜூன் முழுக்கத் திறன் 87, 88 சதவீதத்தில்தான் நின்றது. சூடும் ஒரு காரணம் என்று முதல் கூட்டத்தில் மேலாளர் சொன்னது அந்த ஒன்றிரண்டு சதவீதத்துக்கு முழுக்கச் சரி. மாலை மழை வந்து கூலிங் டவர் தண்ணீர் குளிர்ந்த பிறகு, ஆகஸ்டில்தான் 89-ஐப் பார்த்தோம்.

36 நாளில் இழந்தது ஏறத்தாழ 90,000 லிட்டர். ஒப்பந்த விலையில் 52 லட்சம் ரூபாய். நிறுத்திய பேட்சுகளும் மருந்துச் செலவும் ஈஸ்டின் விலையும் இதில் சேரவில்லை.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

காலை அறிக்கையில் சராசரி இப்போது கடைசிப் பத்தி. அதற்கு முன் நான்கு ஃபெர்மென்டருக்கும் நான்கு பத்தி. செலவே இல்லாத மாற்றம். இதை முன்பே செய்திருந்தால் மூன்றாம் நாளே 3-ம் 4-ம் தனித்துத் தெரிந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவசரத்துக்குப் போடும் குழாய் எதுவானாலும் கழற்றி மாட்டும் துண்டாகத்தான் இருக்க வேண்டும், வேலை முடிந்த அன்றே கழற்ற வேண்டும், போட்ட தேதியும் எடுத்த தேதியும் வரைபடத்தில் ஏற வேண்டும் என்று எழுதி வைத்தோம். போன கோடையில் அந்தக் குழாயைப் போட்டவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அன்று அது இல்லாவிட்டால் ஒரு ஃபெர்மென்டர் பத்து நாள் நின்றிருக்கும். அது அங்கே இருக்கிறது என்று கழுவும் முறையை வகுக்கும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அகார் தட்டுச் சோதனை வாரம் ஒருமுறை, ஐந்து இடத்திலும். ஏதாவது வைத்தியம் செய்து ஆல்கஹால் ஏறினால், அது எத்தனை சுற்றுக்கு நிற்கிறது என்பதைத் தனியாகக் குறிக்கிறோம். முதல் வைத்தியத்தின் நான்கு நாளை நாங்கள் நிம்மதியாக எடுத்துக்கொண்டோம். அளவையாக எடுத்திருந்தால் இரண்டாம் வைத்தியத்துக்கே போயிருக்க மாட்டோம்.

வைக்கோலிலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பானிபட்டில் 2022 ஆகஸ்டில் வைக்கோலுக்கென்று நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் திறனில் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. அந்த வழியில் செல்லுலோஸை நொதிப்பொருள் கொண்டு சர்க்கரையாக்கவே 50 டிகிரியில் இரண்டு மூன்று நாள் ஆகும். அத்தனை நேரம் சர்க்கரைக் கரைசல் தொட்டியிலும் குழாயிலும் நிற்கும். அந்தச் சூட்டைத் தாங்கி வளரும் லாக்டிக் பாக்டீரியாக்களும் உண்டு. மொலாசஸில் ஈஸ்ட் முதல் மணியிலேயே களத்தில் இறங்கிவிடுகிறது. அங்கே பாக்டீரியாவுக்கு இரண்டு நாள் முன்னிலை கிடைக்கும்.

தீராமல் இருப்பது கூலிங் டவர். கோடையில் தண்ணீர் 32 டிகிரிக்குக் கீழே வராது என்ற நிலை அப்படியே இருக்கிறது. டவரில் கூடுதலாக ஒரு குளிர்விப்புப் பகுதி கட்ட மதிப்பீடு போட்டு அனுப்பியிருக்கிறோம். அது வரும்வரை ஏப்ரல், மே மாதங்களில் சர்க்கரை அளவைச் சற்றுக் குறைத்து, 8.7 சதவீத ஆல்கஹாலுக்கே பேட்ச் அமைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.